சகலையின் குரூடாயில் வண்டிக்கு நான் கேட்ட விலை

1

இந்த ஆனியோடு நான் ஊரிலிருந்து மலாயா திரும்பி ஒரு வருஷம் ஆகிறது. அதைக் கொண்டாடுகிற மாதிரி எங்கள் தோட்டத்துச் சின்னக் கிராணி நேற்று ஒரு பழைய கார் வாங்கிவிட்டான்.

கிராணி என்றால் குமாஸ்தா. கித்தா என்கிற ரப்பர் மரத் தோட்டத்தில் விடியற்காலை பெரட்டு என்று ஒன்று நடக்கும். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. பேர் கூப்பிடுகிற பெரிய கிராணி நான். இருபத்து மூன்று வருஷமாக அடுத்தவர் பேரைக் கூப்பிட்டே தொண்டை தேய்ந்தவன். எனக்குக் கீழே வேலை பார்ப்பவனுக்கு வயது இருபத்தாறு. அவன் கார் வாங்குகிறான்.

காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கதவைத் திறந்து மூடினேன். டயரை உதைத்துப் பார்த்தேன், கால் வலித்தது. இன்னும் என்ன கேட்பது என்று தெரியாமல், மேடு ஏறுமா என்று கேட்டேன். எல்லாக் காரும் ஏறும், பெரியவரே என்றான். பையனுக்கு அனுபவம் போதாது. ஏறாத காரை நான் பார்த்திருக்கிறேன். அதை வாங்குவதா வேண்டாமா என்று ஆறு நாள் சோறு இறங்காமல் திரிந்திருக்கிறேன்.

காரின் மேல் அவ்வளவு ஆசையா என்று கேட்டால், நீங்கள் என்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆசை இல்லை, பொறாமை. எனக்கு அது பிறவிக் குணம். பக்கத்து வீட்டுக்காரன் என்னைவிடக் கணீரென்று தும்மினால்கூட எனக்கு மனசு ஆறாது. தோட்டத்தில் என்னைச் சிரிப்புக் கிராணி என்பார்கள். வயிற்றெரிச்சலை மறைக்கச் சிரிக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து ஜனங்கள் படிக்கிற பத்திரிகை என்பதால் உங்களிடம் மட்டும் சொல்லிவைக்கிறேன்.

2

என் மனைவி நாகம்மாவும் மகள் சரசுவும், நாகம்மாவின் தம்பி கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போனார்கள். சரசுவுக்கு அப்போது ஆறு வயது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் திரும்பி வருவதாக ஏற்பாடு. அதற்குள் இங்கே யுத்தம் வந்தது, கப்பல் நின்றது, ஜப்பான்காரன் வந்து உட்கார்ந்துவிட்டான். இரண்டு மாதம் ஐந்து வருஷம் ஆயிற்று. கடிதப் போக்குவரத்தே கிடையாது. நான் இருக்கிறேனா போய்ச் சேர்ந்துவிட்டேனா என்று அவர்களுக்குத் தெரியாது. பல நாள் எனக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.

யுத்தம் முடிந்து சிவிலியன்களை ஏற்றிய கப்பலில் இடம் பிடித்து, மதராஸில் இறங்கித் தந்தி கொடுத்துவிட்டு, ரயிலேறி ஆவடிக்கு வந்தேன். ஸ்டேஷன் வாசலில் என் சகலை ஏகாம்பரம் நின்றிருந்தார். நாகம்மாவின் அக்காள் புருஷன். திருமுல்லைவாயிலில் கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் கீரையும் போட்டு, ஆவடிப் பட்டாளத்து கேம்ப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பிள்ளை கிடையாது. அந்த ஐந்து வருஷமும் என் பெண்டாட்டியும் பெண்ணும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். சாப்பாடு, துணிமணி, பள்ளிக்கூடம் எல்லாம் அவர் பார்த்துக்கொண்டது. அப்படிப்பட்ட மனிதரைப் பார்த்ததும் காலில் விழுந்திருக்க வேண்டும். விழுவதற்குள் அவர் பின்னால் நின்ற வண்டி கண்ணில் பட்டது.

“இன்னா சகல, எளச்சுப் பூட்டியே. ஏறு ஏறு, ஊட்ல எல்லாம் காத்துகினு கீறாங்க” என்றார்.

அந்த வண்டியை எப்படிச் சொல்வது. முன்பக்கம் மோட்டார் கார், பின்பக்கம் மர பீரோ. யாரோ ஒரு வெள்ளைக்காரன் வேட்டைக்குப் போக வைத்திருந்த ஸ்டேஷன் வேகன். அதன் பெட்ரோல் எஞ்சின் செத்துப்போய்க் கிடந்ததை ஏகாம்பரம் வாங்கியிருக்கிறார். பூந்தமல்லியில் ஒரு மெக்கானிக் ஏதோ லாரியிலிருந்து கழற்றின டீசல் எஞ்சினை அதற்குள் வைத்துத் திருகிக் கொடுத்துவிட்டான். நம் ஜனங்கள் டீசல் என்று சொல்வதில்லை, குரூடாயில்தான். கிணற்று எஞ்சினுக்குக் கிடைத்த குரூடாயில் பர்மிட்டில் வண்டியும் பங்கு வாங்கிக் குடித்தது. அது கிளம்பும்போது வருகிற கறுப்புப் புகையில், காயப்போட்ட வேட்டியை எடுக்கத் தெருவில் நாலு பேர் ஓடுவார்கள். வேகமோ, கேட்க வேண்டாம். அன்று ஆவடியிலிருந்து வீடு போகிற வழியில் ஒரு சைக்கிள்காரர் என் ஜன்னல் ஓரமாக வந்து, மலாயாவில் அரிசி என்ன விலை, சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர்கள் திரும்பினார்களா என்று எல்லாம் விசாரித்தார். பேச்சு முடிந்ததும் நேரமாகிவிட்டது என்று சொல்லி எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார்.

ஆனால் நான் பார்த்தது வண்டியை இல்லை. முன் சீட்டில் ஏகாம்பரத்துக்குப் பக்கத்தில் பதினொரு வயதுப் பெண் ஒன்று, மடியில் ஒரு புளியங்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வண்டிக்குப் பிரேக் சரியில்லை. சரிவில் நின்றால் பின்னாலேயே உருளும். நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் அந்தப் பெண் கதவைத் திறந்து குதித்து, ஓடிப்போய்ப் பின் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகிவிட்டு, “ஆச்சு பெரிப்பா” என்று குரல் கொடுக்கும். ஏகாம்பரம் காலை எடுப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு பழக்கம்.

அதுதான் சரசு. என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். அவள் தலைமுடியிலிருந்து குரூடாயில் வாசனை வந்தது. நான் பின் சீட்டில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்த வாசனையின் மேல் பொறாமைப்பட்டேன்.

3

வீட்டில் என்னை ராஜா மாதிரி கவனித்தார்கள். விருந்தாளியையும் அப்படித்தான் கவனிப்பார்கள் என்பது நாலாம் நாள்தான் உறைத்தது.

இருபது வருஷம் மலாய்க்காரனோடு பழகியதில் நாக்கு கெட்டுப்போயிருந்தது. சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பதற்கு மக்கான் ஆச்சா என்று வரும். தொந்தரவு என்று சொல்ல வேண்டிய இடத்தில் சூசா என்பேன். சரசு வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொல்வாள். கிணற்றடியிலிருந்து இரண்டு பேர் சிரிப்பதும் கேட்கும். தோட்டத்தில் முந்நூறு பேரைச் சிரிக்க வைத்தவன் நான். ஆனால் அது நான் சொல்லிச் சிரிப்பது. இது என்னை வைத்துச் சிரிப்பது. வித்தியாசம் இருக்கிறது.

அவள் என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. “இந்தாங்க, தண்ணி” என்பாள். “அம்மா கூப்புடுறாங்க” என்பாள். எனக்கென்று ஒரு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறாள், கிடைத்ததும் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். பேர் கூப்பிடுகிறதே தொழிலான எனக்கு அந்தத் தண்டனை பொருத்தம்தான்.

தினமும் காலையில் அவளை அம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏகாம்பரம் வண்டியில் கொண்டுபோய் விடுவார். ஒருநாள், நான் அழைத்துப் போகிறேனே, நடந்து போகலாம் என்றேன். சரசு பதறிப்போனாள். நான் போகாவிட்டால் கட்டை யார் போடுவது என்றாள். அவளுக்கு அது பள்ளிக்கூடம் போவதில்லை, உத்தியோகம். நான் கூடப் போனேன். பின் சீட்டில்.

நாகம்மாவையும் சரசுவையும் திரும்ப மலாயாவுக்கு அழைத்துப்போக வேண்டும் என்பதுதான் நான் வந்த காரியம். தோட்டத்தில் நாலு மாதம் லீவு கொடுத்திருந்தார்கள். அதற்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும். கப்பலேறப் பர்மிட் வேண்டும். மதராஸில் ஆபீஸுக்குப் போனேன். ஒரு ஜன்னலில் போட்டோ கேட்டார்கள், இன்னொரு ஜன்னலில் போட்டோ ஏன் கொடுத்தாய் என்று கேட்டார்கள். மூன்றாம் தடவை போனபோது ஒரு குமாஸ்தா சரசுவின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கார்டியன் என்ற இடத்தில் ஏகாம்பரம் என்று எழுதியிருக்கிறதே, நீர் யார் என்றார். அப்பா என்றேன். அப்படியானால் கார்டியன் யார் என்றார். அவர் பெரியப்பா என்றேன். பெண்ணைக் கடல் தாண்டி அழைத்துப்போக எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, கார்டியனிடம் சம்மதக் கடிதம் வாங்கி வாரும் என்று காகிதத்தைத் தள்ளினார்.

பெற்றவன் போய், பெண்ணைத் தரச் சம்மதமா என்று இன்னொருவரைக் கேட்க வேண்டும். அதுவும் எழுத்துமூலமாக. ஊர் போய்ச் சேரும்வரை என்ன பேசுவது என்று ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சண்டை வந்தால் சொல்ல ஏழெட்டு வாக்கியம் தயார் செய்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இருக்கவில்லை. ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தைப் படிக்கக்கூட இல்லாமல், நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கத்தரிப் பாத்திக்குப் போய்விட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மறுநாள் காலை சாப்பிடும்போது, வண்டியை விற்றுவிடப் போவதாகச் சொன்னார்.

4

கேம்ப்பைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். கீரை வாங்க ஆளில்லை. அதனால் விற்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். பூந்தமல்லிப் பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். பின்பக்கப் பலகையைக் கழற்றிவிட்டால் செங்கல் ஏற்றலாம் என்று அவருக்குக் கணக்கு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிப் போவதாகச் சொன்னார்.

சரசு இரண்டு நாள் அழுதாள். பலகையைக் கழற்றுவார்களாம் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்த அப்பன் ஐந்து வருஷம் கழித்து வந்து நின்றபோது அந்தக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு யோசனை வந்தது. வண்டி யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் சரசு இருப்பாள். ஆகவே வண்டியை நான் வாங்க வேண்டும்.

வாங்கி என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கையில் இருந்த பணம் மூன்று பேருடைய கப்பல் டிக்கெட்டுக்கென்று தோட்டத்தில் முன்பணமாக வாங்கி வந்தது. மற்றபடி என் சேமிப்பெல்லாம் ஜப்பான்காரன் வாழை மரப் படம் போட்டு அச்சடித்த நோட்டு. அதை இங்கே பொட்டலம் கட்டக்கூட யாரும் வாங்கமாட்டார்கள். வண்டியை வாங்கினால் நான் மட்டும் தனியாகத் திரும்பலாம், அல்லது வேலையை விட்டுவிட்டு எல்லோரும் இங்கேயே சகலை வீட்டுச் சோற்றில் கிடக்கலாம்.

நாகம்மாவிடம் சுற்றிவளைத்து ஆரம்பித்தேன். நல்ல மரம், தேக்கு என்றேன். அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

“கப்பலுக்கு வெச்சிகிற பணத்தத் தொட்டீங்கன்னா நானும் பொண்ணும் இங்கியே கீறோம். நீங்க அந்தப் பொட்டில ஏறிகினு மலாயா போங்க” என்றாள்.

அவள் சொல்வது நியாயம். நியாயம் என்று தெரிந்தபிறகும் ஆறு நாள் நான் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டிக்கெட் வாங்கினால் பெண் உடம்பால் என்னோடு வருவாள், மனசு இங்கே இருக்கும். வண்டியை வாங்கினால் மனசு வருமோ என்னவோ. வியாழக்கிழமை காலையில் ஏகாம்பரத்திடம் போய், சூளைக்காரருக்குக் கொடுக்க வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏகாம்பரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்படியானால் தரகரைக் கூப்பிடலாம் என்றார்.

5

உறவுக்குள் வியாபாரம் என்றால் நம் பக்கத்தில் முகத்துக்கு முகம் விலை பேசமாட்டார்கள். ஒருத்தர் அதிகம் கேட்டார், ஒருத்தர் அடித்துப் பேசினார் என்று ஊர் காலாகாலத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். மாட்டுச் சந்தையில் செய்கிற மாதிரி துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துப் பேசிவிடுவார்கள். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் உள்ளே. ஒரு விரலைப் பிடித்தால் நூறு, இரண்டைப் பிடித்தால் இருநூறு. என்ன விலைக்கு முடிந்தது என்பது அந்த இரண்டு கைக்கு மட்டும் தெரியும். தரகர் துண்டைப் பிடித்துக்கொண்டு சாட்சியாக நிற்பார்.

மாட்டுத் தரகர் கன்னியப்பன் வந்தார். பழக்க தோஷத்தில் வண்டியின் முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்துப் பல்லை எண்ணுவது போல நின்றார். வலதுபக்க விளக்குக்கு மேலே தகரம் நசுங்கியிருந்த இடத்தைத் தடவி, சுழி நல்லா கீது என்றார். அக்கம்பக்கத்துக்காரர் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். நாகம்மா வாசற்படியில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். சரசு வண்டிக்குள்ளே முன் சீட்டில் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துண்டுக்குள் கையை விட்டேன். ஏகாம்பரத்தின் கை மண்வெட்டிப் பிடி மாதிரி இருந்தது.

சூளைக்காரர் ஐந்து விரல் சொன்னது ஊருக்கே தெரியும். ஏகாம்பரம் என் மூன்று விரலைப் பிடித்தார். எனக்கு உச்சந்தலையில் ஏறிற்று. ஐந்து வருஷம் என் குடும்பத்துக்குச் சோறு போட்டது போதாது, இப்போது வண்டியையும் பாதி விலைக்குத் தருமம் செய்யப் பார்க்கிறார். நான் அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். அவர் இரண்டுக்கு இறங்கினார். நான் ஐந்தைப் பிடித்து, விட்டு, மறுபடி ஒன்றைப் பிடித்தேன். ஆறு. அவர் ஒன்று என்றார். நான் ஏழு என்றேன். என்னிடம் மொத்தமே மூன்று விரல்தான் இருந்தது, அதுவும் முழுக்கக் கப்பலுடையது. அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம்.

கன்னியப்பனுக்குக் கை வலித்திருக்க வேண்டும். ஜோடி மாட்டுக்கே இவ்வளவு நேரம் ஆகாது என்றார். கூட்டத்தில் யாரோ, ரெண்டு பேரும் வுடமாட்டாங்க, கெட்டிக்காரனுங்க என்றார்கள்.

ஏகாம்பரம் விரல் பேசுவதை நிறுத்திவிட்டார். என் கையை அப்படியே வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்தார்.

“சகல, அங்க ஸ்கோலு எம்மாந் தூரம்?”

“மூணு மைல்.”

“நடந்தா போவும் கொயந்த?”

என் கண் வண்டிப் பக்கம் போயிற்று.

“இத்தக் கப்பல்ல ஏத்திகினு போ. துட்டு வாணாம். பலகைய மட்டும் கயட்டாத.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேம்ப் சுருங்கினதால் அவர் வண்டியை விற்கவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே, இனி காலையில் கொண்டுபோய் விட ஆளில்லை என்று தெரிந்துகொண்டுவிட்டார். நான் எவரிடமிருந்து பெண்ணைப் பிடுங்க வண்டியை விலை பேசினேனோ, அவர் அவளை எனக்குக் கொடுத்து முடித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

“எங்கிட்ட கீறது டிக்கெட்டுப் பணந்தான் சகல, இத்தக் கப்பல்ல ஏத்தத் துட்டு ஏது?” என்றேன்.

“பின்ன இன்னாத்துக்கு வெலய ஏத்திகினே பூட்ட?”

வேறு இடமாக இருந்தால் ஏதாவது வேடிக்கை சொல்லித் தப்பித்திருப்பேன். கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் வேடிக்கை வரவில்லை.

“வயித்தெரிச்சல்” என்றேன். “அவ ஒன் பக்கத்துல குந்திகினு போறா. நான் பின்னால போறேன்.”

ஏகாம்பரம் இன்னும் கிட்டக் குனிந்தார்.

“எனக்கு மட்டும் இல்லியா?” என்றார். “நீ வராமலே இருந்திருந்தா இன்னான்னு நான் நெனச்சதே இல்லன்னு நெனச்சியா?”

அவர் அதைச் சொன்னபோது என் ஒரு விரலைக்கூட அவர் விடவில்லை. நானும் விடவில்லை. நான் செத்திருக்கலாம் என்று நினைத்ததாக ஒரு மனிதர் என்னிடம் சொல்கிறார், எனக்குக் கோபமே வரவில்லை. நல்லவேளை, இவரும் என் ஜாதிதான் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. இவ்வளவு நாள் அவரிடம் பொறாமை ஒன்றுதான் இல்லை என்று நினைத்து, அதற்கும் சேர்த்துத்தான் பொறாமைப்பட்டிருந்தேன்.

கன்னியப்பன் பொறுமை இழந்து துண்டை உருவிவிட்டார். அது பெரிய தப்பு, எந்தத் தரகரும் செய்யமாட்டார். பத்துப் பேர் எதிரில் நாற்பத்தைந்து வயது ஆம்பிளைகள் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு நின்றோம்.

“இன்னா, முடிஞ்சுதா இல்லியா?” என்றார் கன்னியப்பன்.

“சூளக்காரனுக்கே குட்த்துடலாம்” என்றார் ஏகாம்பரம்.

நாகம்மா வீட்டுக்குள்ளே போய்விட்டாள். அன்று மத்தியானம் எனக்கு மட்டும் அப்பளம் இரண்டு வைத்தாள்.

6

சூளைக்காரர் வெள்ளிக்கிழமை வந்தார். சரசு கட்டையை அவரிடம் கொடுக்கவில்லை. நிற்கும்போது எப்படிப் போட வேண்டும் என்று அவருடைய ஆளுக்கு இரண்டு தரம் செய்து காட்டிவிட்டு, கட்டையைப் பெரியப்பாவிடம் கொடுத்தாள். சூளைக்காரர் வேறு கட்டை வெட்டிக்கொண்டார்.

கப்பலில் நாகம்மாவுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை, சரசுதான் நாலு நாள் வாந்தி. தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், கூப்பிட ஒரு பேரும் வேண்டும். அவசரத்துக்கு நைனா என்று வந்துவிட்டது. அப்புறம் அதையே வைத்துக்கொண்டாள்.

இங்கே அவளைப் பட்டணத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். கார்டியன் என்ற இடத்தில் என் பேரை நானே இரண்டு தரம் எழுதிவிட்டேன், ஒன்றை அடிக்கச் சொன்னார்கள். முதல் மாதம் அவள் ஊடு, கீது என்று பேசினதற்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது ஊட்டை வீடு ஆக்கிக்கொண்டுவிட்டாள். வெளியே ஒரு தமிழ், இங்கிலீஷில் பாதி, மலாயில் கால். வீட்டில் எங்களுக்குப் புரியாமல் தோழியோடு பேச மலாய் வைத்திருக்கிறாள். எனக்கு மக்கான், சூசாவுக்கு மேலும் மலாய் தெரியும் என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது. யுத்த காலத்தில் ஒரு சிப்பாய் இரவல் வாங்கிக்கொண்டு போனான். அவனிடம் துப்பாக்கி இருந்ததால் எப்போது தருவாய் என்று நான் கேட்கவில்லை. ஆகவே நடைதான். பெரட்டு முடிந்ததும் தோட்டத்துத் தபால் பையை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்புவேன். பட்டணத்தில் தபால் எடுத்து வருவது என் வேலை என்பதால் துரையும் ஒன்றும் சொல்வதில்லை. செம்மண் ரோட்டில் இரண்டு பக்கமும் கித்தா மரம். மூன்று மைல். மூன்று மைலும் அவள் பேசுவாள். பேச்சு முழுக்கப் பெரியப்பா.

பெரியப்பா ஒருநாள் எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்றி மோவாயில் அடி வாங்கினது. பெரியப்பா பட்டாளத்து அதிகாரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பாதி வழியில் அந்த அதிகாரியே இறங்கித் தள்ளினது. பெரியப்பா, பெரியப்பா. தினம் காலையில் பதினாறாயிரம் அடி நடந்து அந்த மனிதரின் புகழைக் காதில் வாங்கிக்கொண்டு, அங்கங்கே ‘அப்புறம்’ போட வேண்டும். பொறாமைக்காரனுக்கு இதைவிட நல்ல தண்டனையை யமதர்மன்கூட யோசித்திருக்கமாட்டான்.

போன திங்கட்கிழமை பாதி வழியில் எங்களைத் தாண்டிப் போன ஒரு கார் நின்றது. பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். புதுக் கார். வெயில் ஏறிவிட்டிருந்தது, சரசுவின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. “பிள்ளையைக் கொண்டுவந்து ஏறுங்கோ, பள்ளிக்கூட வாசல்ல இறக்கி விடுறன்” என்றார்.

நான் கதவில் கை வைத்தேன்.

“வேணாங்க சார். நாங்க நடந்தே போறோம்” என்றாள் சரசு.

டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. புதுக் கார், மெத்தை வைத்த சீட்டு, எல்லாவற்றையும் தள்ளிவிட்டு என் பெண் என்னோடு நடக்க வேண்டும் என்கிறாள். டாக்டர், துரை, மலாயாவில் கார் வைத்திருக்கும் அத்தனை பேர் மேலும் இருந்த வயிற்றெரிச்சல் அந்த நிமிஷம் அணைந்துவிட்டது. கார் வளைவில் மறைகிறவரைக்கும் அப்படியே இருந்தது.

“கார்ல ஏறினா சீக்கிரம் போயிடும், கத பாதில நிக்கும்” என்றாள். “எங்க உட்டேன் நைனா?”

அது அண்ணனூர் ரயில்வே கேட் கதை. நாலு தரம் கேட்டாயிற்று. மறந்துபோயிற்று என்று சொல்லியிருக்கலாம். வேறு ஏதாவது பேசலாம் என்று இழுத்திருக்கலாம். என்னைப் பற்றி எனக்கே நாலைந்து நல்ல கதைகள் உண்டு.

“கேட்டாண்ட வண்டி நின்னுபோச்சு” என்றேன். “பின்னால பட்டாளத்து லாரி வரிசையா நிக்குது. ஹாரன் அடிச்சிகினே கீறானுங்க. ஒங்க பெரிப்பா மெதுவா எறங்கி, பீடி பத்த வெச்சாரு.”

“ஆங்” என்று அவள் தொடங்கினாள். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒன்றரை மைல் இருந்தது.